வெட்டின விலை

பெருநாளும் வருசப் பிறப்பும்
ஒரே கிழமைக்குள் வந்த வருசம்.
கல்முனைக் கடைத்தெரு. இரவு பத்தரை.
சட்டரை அரைவாசிக்கு இறக்கிவிட்டு
நானும் ஜெசீலாவும்
நிலத்தில் இருந்து விலை எழுதினோம்.

கொழும்பு லொறியில் அன்று பின்னேரம்தான்
வந்திறங்கின சேலைகள்.
முதலாளி துண்டில் கிறுக்கித் தந்தது
மூவாயிரத்து நானூற்றைம்பது.
"அதுக்கு மேல ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் எண்டு போடு புள்ள.
மறுகா அத வெட்டு."

அடிமட்டம் வைத்து வெட்டினேன்.
"வடிவா வெட்டாத கா,
மனசில்லாம வெட்டின மாதிரி இருக்கோணும்."

ஒருவரும் கேட்டிராத விலை.
ஒருவரும் கொடுத்திராத விலை.
ஒரு பகலாவது கண்ணாடிக்குள் நின்றிராத விலை.
இருநூறு தரம் அதைப் பெற்று
இருநூறு தரமும் நானே கொன்றேன்.
சிவப்புப் பேனை முடிந்துபோயிற்று.
ஜெசீலாவின் கைப்பையில் இன்னொன்று இருந்தது,
டீச்சரான அவள் தங்கச்சி
கொப்பி திருத்துகிற பேனை.

விடிந்ததும் வாசலில் செருப்புக் குவியல்.
மத்தியமுகாமில் இருந்து வந்த ஒரு மனிசி
நெல்லு வித்த சல்லியைச்
சொப்பிங் பைக்குள் மூன்று சுற்றுச் சுற்றி
இடுப்பில் செருகியிருந்தாள்.
ஒன்று வாங்கத்தான் வந்தாள்.
"ரெண்டு எடுத்தா
ஒண்டு சும்மா வந்த மாதிரித்தானே கா?"
தலையாட்டினேன்.
தலையாட்டத்தானே சம்பளம்.

நற்பிட்டிமுனைத் தையல்காரி மட்டும்
முந்தானையை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தாள்.
விலைத்துண்டைத் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு மெல்லமாய்,
என் காதுக்கு மட்டும்:
"ஆரு கா இத ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு வாங்கினது?"
"பின்னால நிக்கிற ஆக்களுக்கு வழி விடுங்க கா"
என்றேன்.
போய்விட்டாள்.
கேள்வியைக் கொண்டுபோகவில்லை.

கீழ்த்தட்டில், வேட்டிகளுக்குப் பின்னால்,
மாந்தளிர் நிறத்தில் ஒன்றை
நான் காலையிலேயே ஒளித்து வைத்திருந்தேன்.
வேலை செய்கிற ஆக்களுக்குப் பத்து வீதம் கழிவு.
மூவாயிரத்து நூற்றைந்து,
சம்பளத்தில் பிடிப்பார்கள்.

குருக்கள்மடம் போகிற கடைசி பஸ்ஸில்
மடியில் சேலை.
மனம் தன்பாட்டில் கணக்குப் பார்த்தது:
மூவாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து மிச்சம்.
களுவாஞ்சிகுடி தாண்டும் வரைக்கும்
சந்தோசமாய்த்தான் இருந்தது.
விரல் நுனியில் சிவப்பு மை
காயாமல் ஒட்டியிருந்தது.

பெரியகல்லாற்றில் கலியாணவீடு.
சோற்றுப் பந்திக்கு நிற்கையில்
வினோதா மச்சாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.
"நல்லாரிக்கு கா. என்ன விலை?"

வாய் திறந்தது.
"ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்."

சுற்றி நின்ற நாலு பெண்களும்
தலையை ஆட்டினார்கள்.
ஒருவரும் வெட்டவில்லை.