ஒட்டு

கார் பார்க்கின் ஏழாம் மாடி, இரவு பதினொன்று.
கூரையில்லாத தளம். வெயிலுக்கும் மைனா எச்சத்துக்கும் பயந்து
யாரும் வண்டியை இங்கே விடுவதில்லை.
வெள்ளைக் கோடெல்லாம் எங்களுக்கு.
நாற்பத்திரண்டாம் கட்டத்திலிருந்து ஐம்பதுவரை நேர்நடை,
விளக்குக் கம்பத்தில் இடப்பக்கம் திருப்பம்.
இடுப்புப் பையில் அவித்த கோழி ஈரல்,
பட்டாணி அளவில்.
அந்த வாடையோடு ஒருமுறை பேருந்தில் ஏறினேன்.
பக்கத்தில் இருந்தவர் எழுந்து
முன்னால் போய் நின்றுகொண்டார்.

கோசோங் அவள் பெயர்.
பாலில்லை, சீனியில்லை, கறுப்பு மட்டும்.
லிம் சூ காங் பண்ணைச் சாலையில் பிடிபட்டவள்.
குடை விரிந்தால் கட்டிலுக்கடியில் போய்விடுவாள்.
உரிமத் தாளில் இனம் என்ற கட்டத்தில்
'கலப்பு' என்று தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள்.
அம்மா தெலுங்கு, அப்பா யாழ்ப்பாணம்;
என் அடையாள அட்டையில்
அந்தக் கட்டத்துக்கு ஒரே சொல்தான் கிடைத்தது.

எந்த மொழியானாலும் சரி, சின்னச் சொல்லாகப் பார்
என்றாள் பயிற்சி தரும் சியூ லிங்.
ஒட்டு என்றேன்.
என் இடது முழங்காலுக்கு நேரே அவள் தோள்,
நடுவே ஒரு விரல் இடைவெளி,
கண் என் முகத்தில்.
இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள்.

சுற்று, இரண்டு நாளில் வந்தது.
காலிடை நுழைவது, ஒரு வாரம்.
பின்னடிதான் மூன்று மாதம்.
சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே சந்து பண்ணி
ஓர் அடி, ஈரல். ஓர் அடி, ஈரல்.
தனக்குப் பின்னங்கால்கள் இருப்பதே
அவளுக்கு அன்றுவரை தெரிந்திருக்கவில்லை.
ஒரு மழைநாளில் நாலடி தொடர்ந்து பின்னால் போனாள்.
நான் அழுதேன்.
அவள் பையை முகர்ந்தாள்.

ஒன்பதாம் மாடி ரொஸ்னா, லிப்ட் திறந்ததும்
ஓரெட்டு விலகிச் சிரிப்பாள்:
நீங்க போங்க, அடுத்ததில் வர்றேன்.
போட்டி எப்போ?

போட்டிக்கு ஐந்து நாள் முன்பு
முழங்காலில் ஊசி போட்டார்கள்.
படியில் விழுந்த நாளிலிருந்து
நாலு வருடமாக உள்ளே உட்கார்ந்திருந்த வலி
சொல்லாமல் வீட்டைக் காலிசெய்தது.
கண்ணாடிக் கதவில் பார்த்தேன்,
யாரோ நேராக நடந்துவந்தார்கள்.

தெம்பனிஸ் சமூக மன்ற அரங்கு, நீல விரிப்பு.
என் எண் பதினொன்று.
உள்ளே ஈரலுக்கு அனுமதியில்லை.
பியானோ தொடங்கியது, நாலு நாலாக.
ஒட்டு.
நான் நாலு நாலாக நடந்தேன்.
கோசோங் ஓரடி முந்தினாள், அரையடி பிந்தினாள்,
என் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்,
மறுபடி முகத்தை.
கூட்டத்தில் யாரோ 'அய்யோ பாவம்' என்பதை
மாண்டரினில் சொன்னார்கள்.

பதினாலு வயதில் மிருதங்கம் கற்று
பதினாறில் விட்டவள் நான்.
விட்டது எல்லாம் போய்விடுவதில்லைபோல.
அப்போதுதான் கேட்டது.
கார் பார்க் சிமெண்டில் ஆறு மாதம்
இவளுக்கு நான் போட்டுக்கொடுத்தது
தக தகிட, தக தகிட.
வலிக்கிற கால் இரண்டு, வலிக்காத கால் மூன்று.
கண்ட நடை.
அதைத்தான் இவள் ஒட்டக் கற்றிருந்தாள்.

விரிப்பின் நடுவே, வலியே இல்லாமல்,
நொண்டினேன்.

தோள் வந்து நின்றது.
பியானோ தன் பாட்டுக்குப் போனது, நாங்கள் எங்கள் பாட்டுக்கு.
திருப்பம், நுழைவு, சுற்று,
பின்னடி நாலு. ஐந்தாவதை
அவளே சேர்த்துக்கொண்டாள்.

பதினாலு பேரில் ஒன்பதாவது.
நடுவர் தாளில் ஒரே குறிப்பு:
கையாளுபவரின் நடை சீராக இல்லை. இசையோடும் இல்லை.
குளிர்பெட்டிமேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நேற்று லிப்ட் வாசலில் ரொஸ்னா கேட்டாள்:
மறுபடி கால் வலிக்குதா?
இல்லையே.
பின்னே ஏன் இப்படி நடக்கிறீங்க?

கீழே பார்த்தேன்.
ஒரு விரல் இடைவெளி.