அரைத் தொட்டி

கானாடுகாத்தானில் வளைவு என்று ஒன்று கிடையாது.
மூலைதான்.
நூல் பிடித்து வரைந்த தெருக்கள்.
ஒரு வீடு இந்தத் தெருவில் வாசல் வைத்து
அடுத்த தெருவில் கொல்லையை முடிக்கும்.
அதுவரை வண்டிக்கு நேர்கோடு,
அப்புறம் சட்டென்று ஒரு செங்கோணம்.

அங்கேதான் என் பிக்கப்புக்கு மனசு மாறும்.
ஸ்டியரிங்கை ஒடித்தால் மூக்கு திரும்பும்,
முதுகு யோசிக்கும்.
தொட்டிக்குள் தண்ணீர்
‘நீ போ, நான் நேரே போகிறேன்’ என்னும்.

மூன்றாம் தெரு முனையில்
இஸ்திரி வண்டி செம்பாயிக்கு.
என் ஹாரன் கேட்டதும்
மடித்த வேட்டிகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொள்வாள்.
பிள்ளையைத் தூக்குவதுபோல இருக்கும்,
ஆனால் வாயில் வருவது வேறு.
மாசியில் ஒருநாள் சொன்னாள்:
“உன் பின்சக்கரம் நாலு விரக்கடை எந்திரிச்சுச்சு. நான் பார்த்தேன்.”
நான் பார்க்கவில்லை.
இருக்கைக்கும் எனக்கும் நடுவே
ஒரு நொடி காற்று இருந்தது, அவ்வளவுதான்.

செக்காலையில் சிக்கந்தர் பட்டறை.
முதல் வாரம் பின்பக்கம் ஒரு பட்டை கூட்டினான்.
சாய்வு குறைந்தது, இடுப்பு போனது;
வெறும் வண்டியாய்த் திரும்பும்போது
ஒவ்வொரு வேகத்தடையும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.
இரண்டாம் வாரம் சாக் அப்சார்பர் நாலும் புதுசு.
ஸ்டெபிலைசர் பாரின் புஷ்களைக் கழற்றிக் காட்டினான்,
ஊறிப்போன ரஸ்க் மாதிரி கையில் உதிர்ந்தன.
“இதை வச்சுக்கிட்டா இத்தனை நாள் திரும்பினே?”
திரும்பினேன்.
திரும்பாமல் எங்கே போக.
டயர் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகியிருந்தது,
அலைன்மென்ட் பார்த்தோம்.
காற்றை இடமும் வலமும் ஒரே அளவாக்கினோம்.
ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
சீட்டுப் பணம்.

காலையில் முதல் வீடு போகும்போது வண்டி தேர்.
தண்டவாளம் போட்டதுபோல மூலையில் படிந்து திரும்பியது.
நான் விசில்கூட அடித்தேன்.
முதல் வீட்டில் ஐந்நூறு இறக்கி
இரண்டாம் வீட்டுக்குப் புறப்பட்டேன்.
மூன்றாம் தெரு முனை.
பழைய பேய் பழைய இடத்தில் ஏறிக்கொண்டது.
வேட்டிகள் நனைந்தன.
செம்பாயி சொன்னதை இங்கே எழுதவில்லை.

சிக்கந்தர் இந்தமுறை ஜாக்கியைத் தொடவில்லை.
“ஓட்டு” என்று ஏறிப் பின்னால் நின்றான்,
தொட்டி மூடியைத் திறந்து
உள்ளே டார்ச் அடித்துக்கொண்டே வந்தான்.
இறங்கும்போது சட்டை முழுக்க ஈரம், முகம் முழுக்கச் சிரிப்பு.
“அடைக்கலம், வண்டியில குத்தம் இல்ல.
நீ அரைத் தொட்டி ஓட்டுற.”

குறைகுடம் கூத்தாடும் என்று
மூணாங்கிளாஸில் ஐந்து தடவை எழுதியவன் நான்.
அந்தக் குடத்துக்குக் கீழே
நாலு டயர் இருக்கும் என்று
எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

ஆயிரம் லிட்டர் தொட்டியை விற்றேன்.
ஐந்நூறில் இரண்டு வாங்கி
ஒன்றன்பின் ஒன்றாய் இரும்புச் சட்டத்தில் கட்டி,
சட்டத்தை ஒரு சாண் தாழ்த்தினோம்.
முதல் வீட்டுக்குப் பின்தொட்டி.
அது சொட்டின்றிக் காலியாகும் வரை
குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்,
வீட்டுக்காரர் ‘போதும்’ என்றாலும்.
முன்தொட்டி கழுத்துவரை நிறைந்து
என் முதுகுக்குப் பின்னால் பேசாமல் வரும்.
நிறைந்தது, அல்லது ஒன்றுமில்லை.
நடுவில் எதுவும் என் வண்டியில் ஏறுவதில்லை.

நேற்று மூன்றாம் தெரு முனை.
ஹாரன் அடித்தேன், பழக்கம்.
இரண்டாம் கியர்,
மூலை என் கைக்குள் மடிந்து விரிந்தது.

செம்பாயி நிமிரவே இல்லை.
பெட்டியில் கரி ஊதிக்கொண்டிருந்தாள்,
வேட்டிகள் பலகையிலேயே இருந்தன.

கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.