இன்னைக்குப் பேச்சு வேணாம்

போட் கீயில், மதுக்கூடத்து மாடியில்,
ஞாயிறு ஆறு மணிக்கு
நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போடுவோம்.
டோனலிடம் தகரக்குழல். வாரநாளில் காப்புறுதிக் கணக்கு.
ஸூ யுன்னின் கான்சர்டினாவில்
இரண்டு பித்தான்கள் சிக்கும்; திட்டிக்கொண்டே வாசிப்பாள்.
நான் வயலின்.
சுருளைக் கணுக்காலில் ஊன்றிப் பழகிய கருவி
தோளுக்கு ஏற இரண்டு வருடம் பிடித்தது.

அன்று ஒரு ஜிக்.
தகிட தகிட என்று தொடை தானாகத் தட்டியது.
திஸ்ரம்தான். ஆனால் அவர்கள்
முதல் அடியில் சற்றே உட்கார்ந்து எழுகிறார்கள்,
பேருந்தில் இடம் கிடைத்து
உடனே யாருக்கோ விட்டுக்கொடுப்பவர்கள் மாதிரி.

முடிந்ததும் வழக்கு ஆரம்பம்.
எங்கள் கிளேர் பக்கத்தது என்றான் டோனல்.
இல்லை, ஸ்காட்லாந்துப் பட்டாளத்து நடை,
வேகம் கூட்டித் திருடிவிட்டீர்கள் என்றார்
யார் முகமும் பார்க்காமல் பேசும் ஆங்கஸ்.
பேரும் ஒன்றில்லை.
தபால்காரரின் கடன். மூன்று படகும் ஒரு பசுவும்.
ஒரு ஊரில் மட்டும் ஏனோ, மார்த்தாமேல் மழை.
இரண்டாம் பகுதியில் நிஷாதம் சின்னதா பெரியதா,
அதற்கே அரைமணி நேரம், இரண்டு கோப்பை.
எங்கள் சபாக்களிலும் இந்தச் சண்டை உண்டு என்றேன்.
காதில் விழவில்லை யாருக்கும்.

பக்கத்து மேசைப் பெண் ஒருத்தி
செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினாள்.
என் முதுகு விறைத்தது.
இதற்கா ஆடுகிறார்கள்?

அப்பா செம்பவாங் கப்பல்பட்டறையில் வெல்டர்.
எந்தக் கப்பலில் எந்த மாலுமி ஊதினானோ,
எந்தச் சாப்பாட்டு நேரத்தில் ஒட்டிக்கொண்டதோ,
அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.
கோபம் வந்தால் மட்டும்தான் சீழ்க்கை.
மின்தூக்கி ஐந்தாம் மாடியில்தான் நிற்கும்.
அங்கிருந்து இரண்டு தளம்
படியிறங்கி வரும் அந்தத் தகிட தகிட.
அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமல் சொல்வாள்:
"இன்னைக்குப் பேச்சு வேணாம்."
நானும் தம்பியும்
கணக்குப் புத்தகத்துக்குள் போய்விடுவோம்.

ஓரிடத்தில் மட்டும், முடிவுக்குக் கொஞ்சம் முன்,
தகிட தகிட தகி
என்று நின்று மூச்சு வாங்கும்.
புகை குடித்த நெஞ்சு.
கதவு திறக்குமுன் கடைசியாகக் கேட்பது அந்த இடைவெளிதான்.

அடுத்த ஞாயிறு என் வில் அங்கே
தானாக நின்றது.
ஐந்து பேரும் ஒருவர்மேல் ஒருவர் இடறினார்கள்.
ஸூ யுன் சிரித்தாள். டோனல் சிரிக்கவில்லை,
பையிலிருந்து நோட்டை எடுத்தான்.
எங்கே கிடைத்தது?
செம்பவாங், மூன்றாம் மாடி.
எழுதிக்கொண்டான், கோயில் கல்வெட்டைப் படியெடுப்பவன்போல.
யாரிடமிருந்து?
சோலைமலை.
அப்படியானால் இது சோலைமலையின் ஜிக்,
எங்கள் வழக்கம் அது, வாசித்தவர் பேர்தான் வைப்போம்.

தலைகீழாகப் பார்த்தேன் அந்த எழுத்துகளை.
ஒருநாளும் ஆடாத மனிதருக்கு
ஓர் ஆட்டமெட்டு.
அடித்துவிடு என்றேன்.
அதற்கு வேறு பேர் இருக்கிறது.
கேட்டவள் வைத்த பேர்.

சொன்னேன். ஆங்கில எழுத்தில்
ஐந்து பிழையோடு எழுதினான்.
பொருள் என்ன என்றான்.
வில்லுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன்,
கொஞ்சம் அதிகமாகவே.

இப்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள்,
"பேச்சு வேனம்" போடலாமா என்று.
ஆங்கஸ்கூட, ஸ்காட்லாந்தை விட்டுக்கொடுக்காமல்.
அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.
ஆறு பேரும் ஒன்றாக
அந்த "ட"வை விழுங்குகிறோம்.
அடுத்த மேசையில்
யாரோ செருப்பைக் கழற்றுகிறார்கள்.