சிறந்த ஒலிக்கான விருது

திபிலிசியில் அதிகாலை மூன்று.
அவர்களுக்கு அங்கே இன்னும் ஞாயிற்றுக்கிழமை,
வெயில்கூட இறங்கவில்லை.
எனக்குத் திங்கள் பிறந்துவிட்டது,
கில்தானி எட்டாம் குடியிருப்பில்
விடியவிடியத் திறந்திருக்கும் மருந்துக்கடையில்.
கம்பிக்கதவின் சிறு சன்னலுக்குப் பின்னால்
கைபேசியை இருமல் மருந்துப் புட்டிமேல் சாய்த்து
விருது விழா பார்க்கிறேன்.

நான் நெஸ்டான். வயது நாற்பத்தொன்று.
போட்டியில் இருக்கும் படங்களில்
இரண்டைத் தவிர எல்லாம் பார்த்தாகிவிட்டது.
அந்த இரண்டைப் பற்றித்தான்
எனக்கு மிக உறுதியான கருத்துகள்.

பகல் பணிக்கு வரும் ஷோரெனாவோடு பந்தயம்.
தோற்றவள் ஒரு மாதம் கடைக்குப்பை கொட்ட வேண்டும்.
அவள் உடைகளைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவள்.
போன வருடம் அவள்தான் ஜெயித்தாள்.

சிறந்த படம் யாருக்கோ போகட்டும்.
என் மனசு கிடப்பது ஒலி விருதில்.
படகுத்துறையில் நடக்கும் ஒரு சின்னப் படம்.
அதில் பூட்டிய அறை ஒன்று, உள்ளே யாருமில்லை.
கெட்டில் கொதித்து, தானே அணைந்து,
பிறகு அந்த உலோகம் ஆறுகிற சத்தம்.
டிக்.
ரொம்ப நேரம் கழித்து, டிக்.
அவ்வளவுதான்.
அரங்கில் அழுதது நான் ஒருத்திதான்.
பக்கத்து இருக்கைக்காரர்
சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தார்.

மேடையில் நன்றி சொல்ல எனக்கும் ஓர் உரை உண்டு.
நாற்பத்தைந்து வினாடி, குளியலறையில் அளந்தது.
எந்தத் துறைக்கு என்பதுதான் முடிவாகவில்லை.
திரைக்கதை என்றால், பதினேழு பக்கம் இருக்கிறது;
கதாநாயகி ரயிலில் ஏறிவிட்டாள்,
ஆறு வருடமாய் இறங்கவில்லை.
இசை என்றால், தவணையில் வாங்கிய அக்கார்டியன்
அலமாரிமேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது.
ஆடை என்றால், ஒரு கை மட்டும் வைத்துத் தைத்த கோட்டு.
குறும்படம் ஒன்று நிஜமாகவே எடுத்தேன்:
எங்கள் லிஃப்டில் காசு போட்டு ஏறுகிறவர்களின் விரல்கள்.
நான்கு நிமிடம். ஒலி பதிவாகவில்லை.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
எனக்கு மொத்தம் எத்தனை கால் என்றே தெரியவில்லை.

ஐந்து பெயர்களை வாசிக்கத் தொடங்கும்போது
சன்னலில் தட்டுகிறான் ஒருவன்.
பைஜாமாமேல் கோட்டு. செருப்பெல்லாம் சேறு.
"முப்பத்தொன்பது புள்ளி இரண்டு" என்கிறான்,
தன் பெயரைச் சொல்வதுபோல.
எத்தனை மாதம்?
பதினொன்று.
எடை?
மனைவிக்குப் போன் போடுகிறான்.
என் முதுகுக்குப் பின்னால்
உறை கிழிபடும் சத்தம்.
எட்டு கிலோ. ஐந்து மில்லி.
பீச்சுக்குழாயில் பேனாவால் கோடு போடுகிறேன்,
இதுவரை, இதற்குமேல் ஒரு சொட்டும் வேண்டாம்.
அங்கே எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.
நான் திரும்பவில்லை. கோடு கோணலாகிவிடும்.

சில்லறை எண்ணிக்கொண்டே
என் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தான்.
"அந்தப் பெண்ணுக்குச் செருப்பு கடிக்கிறது" என்றான்.
"பாருங்கள், படியில் பக்கவாட்டாக இறங்குகிறாள்."
பார்த்தேன். ஆமாம்.
கையில் தங்கப் பொம்மை, முகம் கொள்ளாத சிரிப்பு,
இடது கால் மட்டும் விழாவில் இல்லை.
அவள் என் கெட்டிலின் ஆளா, வேறு ஒருத்தியா
என்று தெரிவதற்குள் விளம்பரம்.

அவன் போனபின் ரசீதின் பின்புறம் எழுதினேன்:
ஜெயித்தவள் பக்கவாட்டாக இறங்குகிறாள்.
எதற்கென்று தெரியாது.
ரயிலில் இருப்பவளுக்கு ஆகலாம்.

இன்சுலின் வைத்த குளிர்பெட்டி
ஒருமுறை உறுமி அடங்கியது.
உள்ளே ஏதோ,
டிக்.

விழாவை அணைத்தேன்.
கைபேசியைப் பெட்டியின் கதவோடு ஒட்டிப் பிடித்து
பதிவாகிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.
ஏழு நிமிடம் வந்திருக்கிறது.
நடுவே ஷோரெனாவின் செய்தி விழுந்த
'டிங்'கும் சேர்த்து:
குப்பை உனக்கு.