நாற்பத்தைந்து யூனிட்

பர்மான் துறையில் ஓடம் தள்ளுகிறேன், பெயர் சுகர்த்தி.
ஆளுக்குப் பத்து ரூபாய், சைக்கிளுக்கு ஐந்து,
ஆட்டுக்குட்டியை மடியில் வைத்தால் காசில்லை.
நாளைக்கு இருபது தடவை நர்மதையைக் கடக்கிறேன்.
அவர் ஒருமுறையும் கடக்கக்கூடாது.

ஆறு எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும்.
தென்கரையில் கடல்வரை இறங்கி
வடகரையில் ஊற்றுக்கண்வரை ஏற வேண்டும்.
வெள்ளை வேட்டி, கைத்தடி, குப்பிக்குள் கொஞ்சம் நதி.
பெயர் கேட்டதற்கு, பரிக்கிரமவாசி என்றார்.

மழை நான்கு மாதமும் நடக்கலாகாது என்று
என் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் தங்கினார்.
அப்புறம்தான் பெயர் வந்தது: தயாசங்கர்.
சாகரில் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர்.
எல்லாம் துறந்து வந்தவருக்கு அது மட்டும் விடவில்லை.
ஜபம் முடிந்ததும் என் வீட்டு மீட்டரை எட்டிப் பார்ப்பார்,
சுவரில் கரியால் எண் எழுதுவார்.
வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு பல்பு.

இந்த நதியின் கல்லெல்லாம் சங்கரன் என்றார்.
நான் ஒன்றில் பூண்டு நசுக்கினேன்.
சிரித்துக்கொண்டே மூன்று ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டார்.
வேறென்ன நடந்தது என்று ஊர் கேட்டது.
கூரை ஒழுகியது. இருவரும் பாத்திரம் வைத்தோம்.
வேறென்ன நடந்தது என்று
நானும் என்னைக் கேட்டுக்கொள்வதுண்டு.

விஷ்ணு விழிக்கும் ஏகாதசியன்று கிளம்பினார்,
மேற்கே, திரும்பாமல்.
கரி எண் ஆயிரத்து நூற்று ஆறில் நின்றது.
அடுத்த சுவர்ப்பூச்சுக்கு
அந்த இடத்தை மட்டும் விட்டுப் பூசினேன்.

இந்தத் தடவை மணல்திட்டில் தர்பூசணி முளைவிட்ட நேரம்
வடகரையில் புகை.
‘நர்மதே ஹர்’ என்ற குரலில்
அந்தப் பழைய இருமல்.

ஓடத்திலிருந்து நான் இறங்கவில்லை.
ஓடத்தில் அவர் கால் வைக்கக்கூடாது.
நடுவே ஒரு துடுப்பு நீளத் தண்ணீர்.
மெலிந்திருந்தார், இடக்கால் பெருவிரலில் துணிக்கட்டு.
இறங்குகிறவர்கள் இறங்கினார்கள்,
ஏறுகிறவர்கள் ஏறினார்கள்.

“மீட்டர் இப்போ எவ்வளவு?”

காலையில்தான் பார்த்திருந்தேன்.
தினமும் பார்க்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

“ஆயிரத்து நூற்று ஐம்பத்தொன்று.”

விரல் மடக்கினார், மாலை உருட்டும் அதே விரல்கள்.
“நாற்பத்தைந்து யூனிட். பதினைந்து மாதம்.
ஒன்பது வாட் பல்பு…”
நிறுத்தினார். தண்ணீரைப் பார்த்தார்.
“விடிய விடியவா?”

பால் கேன்காரன் பின்னாலிருந்து கத்தினான், நேரமாச்சு என்று.
துடுப்பை மணலில் ஊன்றித்
தள்ளினேன்.