பத்து மீட்டர் வார்

ஆறு குட்டிகள். ஐந்து என் பூட்ஸ் கயிற்றைப் பிடித்து இழுத்தன.
ஆறாவது வரவில்லை.
நேற்று எப்போதோ பால் சிந்தித் துடைத்த இடத்தில்
மூக்கை ஊன்றி நின்றது,
யாரோ தரையில் எழுதிப் போனதை
எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல.

"அது கொஞ்சம் மந்தம், விலை குறைத்துத் தருகிறேன்"
என்றார் ஹோல்கெர்.
குறைக்க வேண்டாமென்று வாய்வரை வந்தது.
சொல்லவில்லை.
வெர்ம்லாந்தில் குளிர்காலம் நீளம்,
விறகுக்குப் பணம் வேண்டும்.

குட்டைக்கால், கம்பி மயிர், டாக்ஸ்ஹண்ட்.
மானைத் தேடவா, கட்டிலடியில் செருப்பைத் தேடவா
என்று வேட்டைக் குழுவில் சிரித்தார்கள்.
உயரம் எதற்கு?
ரத்தம் தரையில்தானே கிடக்கிறது.
பீரெத் என்று பெயர் வைத்தேன்.

ஃப்ரிட்ஜில் லிங்கன்பெர்ரி ஜாமுக்குப் பக்கத்தில்
ரத்தப் புட்டி.
ஒருமுறை என் அக்கா பான்கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு...
அதை விடுங்கள்.

செத்த மானின் குளம்பை பூட்ஸின் அடியில் கட்டிக்கொண்டு
பாசிமேல் அறுநூறு மீட்டர் நடப்பேன்,
பஞ்சால் ஒற்றி ஒற்றி.
மொத்தம் மூன்றிலொரு லிட்டர்,
மேலே ஒரு சொட்டு கூடாது.
பிறகு ஓர் இரவு ஆறவிட வேண்டும்.
மழை பெய்யும், நரி குறுக்கே போகும்.
போகட்டும்.
புது ரத்தத்தை எந்த நாயும் பிடிக்கும்.

காலையில் அகலமான மார்ப்பட்டை, ஆரஞ்சு வார்.
கொக்கி மாட்டும் சத்தம் கேட்டால் போதும்,
பீரெத்துக்கு அலுவலகம் போகிறவளின் முகம் வந்துவிடும்.
முயல் வாசனைக்கு இழுத்தால் மரமாய் நிற்பேன்.
திட்டுவதில்லை.
தடத்துக்குத் திரும்பினால் வார் நெகிழும்.
எங்களுக்குள் இருக்கிற மொழியில்
சொற்கள் இரண்டுதான்.

அக்டோபரில் தேர்வு. தோற்றோம்.
ஒரு வளைவில் அவள் நின்று யோசித்தாள்.
நடுவரின் பேனா அசைந்தது.
தடம் நேரே போகிறதென்று எனக்கு ஓர் எண்ணம்,
வாரைப் பிடித்து இழுத்துவிட்டேன்.
தாளில் எழுதிக் கொடுத்தார்கள்:
நாய் நன்று. கையாள்பவர் குறுக்கிடுகிறார்.
வசந்தத்தில் தேறினோம்.
ஆனாலும் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்திருப்பது
பழைய தாளைத்தான்.

நவம்பர், அதிகாலை மூன்றே கால்.
போலீஸிலிருந்து அழைப்பு: மான், கார், அறுபத்திரண்டாம் சாலை.
போனால், உடைந்த விளக்கோடு ஒரு சிறிய கார்,
பக்கத்தில் முதியோர் இல்லச் சீருடையில் ஒரு பெண்.
அப்ரெஹெத். அஸ்மாராவில் பிறந்தவள்.
அடிபட்ட இடத்தை அடையாளம் வைக்கத் துணி கிடைக்காமல்
தன் வேலை அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி
பிர்ச் கிளையில் மாட்டியிருந்தாள்.
"உயிரோடு இருக்குமா?"
பம்பரில் ஒட்டிய மயிரைப் பார்த்தேன்.
"இருக்கும், அதனால்தான் வந்தோம்" என்றேன்.

அட்டையின் கீழே இரண்டு சொட்டு.
பிறகு பள்ளம், உறைபனிப் புல்,
நாற்பது மீட்டருக்கு ஒன்றுமில்லை.
பீரெத் திரும்பினாள்.
வந்த வழியே, சாலையை நோக்கி.
காடு இந்தப் பக்கம் இருக்கிறதடி,
அடிபட்டது எதற்கு மறுபடி தாருக்குப் போகும்?
கை இறுகத் தொடங்கியது.
வாரின் முறுக்கு உள்ளங்கையில் பதிந்தது.

விட்டேன்.

சாலையைக் கடந்தாள். அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கினாள்.
முந்நூறு மீட்டர் தாண்டி, ஸ்ப்ரூஸ் மரத்தடியில்
கிடந்தது பெண்மான்.
பின்கால் எலும்பு வெளியே.
எழப் பார்த்து, எழ முடியாமல்,
என் தலைவிளக்கையே பார்த்தது.
பீரெத் குரைக்கவில்லை.
நான் செய்ய வேண்டியதைச் செய்தேன்.
சத்தம் ஏரிவரை போய்த் திரும்பி வந்தது.

அப்ரெஹெத் இன்னும் நின்றிருந்தாள்,
வேலை நேரம் தொடங்கியும் போகாமல்.
கிளையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.
அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.
கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.
பிறகு குனிந்து
பீரெத்தின் விரலிடுக்கில் ஒட்டிய பனிக்கட்டியை
ஒவ்வொன்றாய்ப் பிய்த்தெடுத்தாள்.

வீட்டுக்கு வந்து படிவம் நிரப்பினேன்:
நேரம், தூரம், பாலினம், காயம்.
கையாள்பவருக்கென்று அதில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
குறுக்கிட இருந்தேன் என்று.