இரண்டு மில்லிமீட்டர்

புன்டா அரேனாஸில் ஏறும் இந்தச் சின்ன விமானத்தில்
விமானிக்கும் நமக்கும் நடுவே கதவு கிடையாது.
அவர் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும்
பிளாஸ்திரி வரை தெரியும்.

துணை விமானிதான் உடம்பைத் திருப்பி
மூன்றே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்.
பெல்ட் போடுங்கள். கதவுப்பிடியைத் தொடாதீர்கள்.
செல்போனை அணையுங்கள்.

நான் அணைக்கவில்லை.
பெரிய காரணம் எதுவும் இல்லை.
தங்கை ரொசெந்தா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை,
நான் அனுப்பிய செய்தியின் ஓரத்தில்
நீலக்குறி விழுந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது.
இத்தனூண்டு டப்பா
இவ்வளவு பெரிய இரும்பை என்ன செய்துவிடும் என்று
எல்லாரும் சொல்வதையே நானும் சொல்லிக்கொண்டு
கைப்பையில் போட்டேன். ஜிப்பை முழுக்க மூடவில்லை.

பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார்
நிபால்தோ பார்ரியா.

போன ஜூலையில் அவர் படகில் ஏறி
ராஜநண்டுகளை ஒவ்வொன்றாகக் காலிப்பரில் பிடித்து
அளந்தவள் நான்.
ஓட்டின் நீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.
நாற்பத்தொரு நண்டுகள் அந்தக் கோட்டை எட்டவில்லை.
"இரண்டு மில்லிமீட்டர், இன்ஸ்பெக்டரம்மா,"
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே
வெளிச்சம் நுழையும் அளவுக்கு இடம் விட்டுக் காட்டினார்.
"நகம் வெட்ட மறந்தால் இவ்வளவு வளரும்."

அபராதச் சீட்டில் அவர் பெயரை
எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன்.
கூடவே ஒரு பிரசங்கம். இப்போதும் மனப்பாடம்:
உங்கள் ஒரு நண்டால் கடல் காலியாகாது,
என் ஒரு நண்டுதானே என்று ஆளாளுக்குச் சொன்னால்
ஆகும்.

பனிமலைகளுக்கு மேலே மேகத்துக்குள் நுழைந்தோம்.
இறக்கை காணாமல் போய்த் திரும்பி வந்தது.
துணை விமானி ஒரு பக்கக் காதுக்கவசத்தைத் தூக்கினார்.
"யார் போனோ என் காதில் வண்டாய்க் குடைகிறது.
கீழே ஒருத்தன் காற்றுக்கணக்கு சொல்கிறான்,
எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே ட்ர்ர், ட்ர்ர்."

அவர் கோபப்படவில்லை.
கோபப்பட்டிருந்தால் வாதாடியிருக்கலாம்.

அவ்வளவுதான், எல்லாக் கைகளும் பாக்கெட்டுக்குள்.
தேனிலவு ஜோடி, கடற்படைப் பையன்,
தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்திருந்த நர்ஸ்...
ஒவ்வொரு முகமாகக் கீழிருந்து
வெளிறி ஒளிர்ந்து அணைந்தது,
மாதாகோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு
வரிசையில் நிற்கிறவர்களைப் போல.

நிபால்தோ தன் பழைய பட்டன் போனை எடுத்து
உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கறுப்பு.
புறப்பட்ட இடத்திலேயே அணைத்திருக்கிறார்.
பிறகு என் கைப்பையின் வாயைப் பார்த்தார்.
உள்ளே விளக்கெரிவது தெரிந்திருக்கும்.
ஒன்றும் சொல்லாமல்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குடைந்தது என் வண்டுதானா?
பையனுடையதாக இருக்கலாம், நர்ஸினுடையதாக இருக்கலாம்.
கீழே ஒரு கோபுரமும் இல்லாத பனிக்கு மேல்
தேடித் தேடி எல்லாமே கத்தியிருக்கும்.
விமானம் விழவில்லை, விழுந்திருக்கவும் போவதில்லை.
யாரோ ஒருவர் ஓர் எண்ணை
இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது,
அவ்வளவே சேதம்.
சட்டப் புத்தகத்தில் அதற்கு அளவு கிடையாது.
சீட்டு எழுதவும் யாருமில்லை.

புவேர்ட்டோ வில்லியம்ஸ் ஓடுதளத்தில்
காற்று பக்கவாட்டில் அறைந்தது, நேராகத்தான் இறங்கினோம்.
படியில் இறங்கும்போது நிபால்தோ
தொப்பியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்து
கட்டைவிரலையும் ஆள்காட்டியையும்
மெல்ல நெருக்கிக் காட்டினார்.

போனைத் திறந்தேன். நீலக்குறி விழுந்திருந்தது.
ரொசெந்தா ஒற்றைச் சொல் அனுப்பியிருந்தாள்: "சரி."
எதற்குச் சரி என்று இன்னும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் அவர் படகுக்குப் போக வேண்டும்.
காலிப்பரைத் துடைத்து வைத்திருக்கிறேன்.
அளப்பேன். அதில் மாற்றமில்லை.
பிரசங்கத்தை மட்டும்
எந்த வரியில் தொடங்குவது என்று தெரியவில்லை.